மருந்தைக் குறைத்தால் தோட்டா பாதுகாப்பாகிவிடுமா?

இன்னைக்கு எபிசோடு முழுக்க ஒரே ஒரு கேள்விதான். "அமெரிக்காவுல பயிரைத் தின்னுற விலங்குகளைச் சுட சின்ன ரைஃபிள் வெச்சிருக்காங்க. வீட்டிலேயே மருந்தைக் குறைச்சு, மிதமான தோட்டா அடைச்சுக்கிறாங்க. பாபநாசத்துல பன்னி வயலுக்குள்ள இறங்குனா அதையே ஏன் செய்யக் கூடாது?"

நான் சொல்றது தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசம் இல்லைங்க. கமல் படத்துல வந்த பாபநாசம், தாமிரபரணி மலையை விட்டு இறங்குற இடம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஊரை ஒட்டியே ஆரம்பிக்குது. ராத்திரி ஒரு பன்றிக் கூட்டம் வாழைக்குள்ள புகுந்தா, காலையில அந்த விவசாயிக்கு மிஞ்சுறது கடன்தான். அதனால கேள்வி நியாயமானது. பதிலை மூணு அடுக்காப் பிரிச்சுக்கலாம்: இயற்பியல், மருந்து, சட்டம்.

முதல்ல இயற்பியல். ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி கொடுக்கும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு கூடு மட்டும் மிஞ்சும். அதில் மத்த மூணையும் புதுசா வெச்சு அடைக்கிறதுதான் கையால் தோட்டா அடைப்பது.

சின்ன ரைஃபிள்ல மூணு தோட்டாக்களை எடுத்துக்குவோம்: பாயிண்ட் 22 லாங் ரைஃபிள், 22 ஹார்னெட், 220 ஸ்விஃப்ட். மூணிலும் குண்டின் விட்டம் ஏறக்குறைய 5.7 மில்லிமீட்டர். எடை முறையே சுமார் 2.6, 2.9, 3.1 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா வேகம் நொடிக்குச் சுமார் 330, 820, 1,250 மீட்டர். பள்ளிக்கூடத்துல படிச்ச "அரை எம் வி ஸ்கொயர்" ஞாபகம் இருக்கா? அதுல போட்டா ஆற்றல் சுமார் 140, 970, 2,400 ஜூல் வருது. எடை கொஞ்சம்தான் கூடியிருக்கு, ஆற்றல் 17 மடங்கு ஆயிடுச்சு. எல்லாம் வேகத்தோட வேலை.

1935-இல் வின்செஸ்டர் நிறுவனம் ஸ்விஃப்டைக் கொண்டு வந்தப்போ அந்த வேகம் பெரிய ஆச்சரியம். கூடவே குழல் சீக்கிரம் தேயுதுன்னு புகாரும் வந்துச்சு. மிதமான தோட்டாவோட தேவை இங்கதான் வருது: சத்தம் குறையும், தோளில் உதை குறையும், குழல் நீடிக்கும். முயல் அளவு விலங்குக்கு 2,400 ஜூல் தேவையும் இல்லை.

ஆனா காட்டுப்பன்றி முயல் இல்லைங்க. நல்லா வளர்ந்த ஆண் பன்றி நூறு கிலோ இருக்கும், தோள்ல தடிச்ச தோல். மிதமான சின்னக் குண்டு அதைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி புதருக்குள்ள கிடக்கும். மறுநாள் அந்தப் பக்கம் புல்லறுக்கப் போற அம்மா மேலதான் அது பாயும்.

அடுத்து மருந்து. "குறைச்சா பாதுகாப்பு"ன்னு நம்ம உள்ளுணர்வு சொல்லும். சமையல்ல காரத்தைக் குறைக்கிற மாதிரின்னு நினைக்கிறோம். துப்பாக்கி மருந்து அப்படி நடக்காது.

மருந்து ரொம்பக் குறைஞ்சா அழுத்தம் போதாம குண்டு குழலுக்குள்ளேயே நின்னுடலாம். சத்தம் சப்புன்னு இருக்கும், சுடுறவர் கவனிக்காம அடுத்ததைச் சுடுவார். குழல் வெடிக்கும். மெதுவா எரியுற சில மருந்துகளை அளவுக்கு மீறிக் குறைச்சப்போ அழுத்தம் திடீர்னு எகிறின சம்பவங்களும் உண்டு. அதனாலதான் தயாரிப்பாளர்களின் கையேடுகள், சில மருந்துகளுக்கு இதுக்கு மேல போகாதேன்னு சொல்றதோட, இதுக்குக் கீழயும் போகாதேன்னு எச்சரிக்குது.

எனக்குப் பெரிய பயம் மூணாவது ஆபத்து. வேகமா எரியுற மருந்து கூட்டுக்குள்ள கொஞ்சம் இடத்தைத்தான் அடைக்கும். தெரியாம ரெண்டு தடவை கொட்டினாலும் வழியாது, வெளியே பார்த்தா ஒரே தோட்டாதான். நம்ம பாஷையில சொன்னா எர்ரர் மெசேஜே வராத பக். அது புரொடக்‌ஷன்லதான் வெடிக்கும், அதுவும் கண்ணுக்கு அரை அடி தூரத்துல.

நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கிக்கும் இது பொருந்தும். அதுல கூடே கிடையாது. குழல் வாய் வழியா கருமருந்து, அடைப்பு, சன்னம்னு போட்டுக் கம்பியால் இடிக்கணும். ஒவ்வொரு வெடியும் கையால் அடைச்சதுதான். பதற்றத்துல என்ன ஆகும்ங்கிறதுக்கு வரலாற்றுலயே சாட்சி இருக்கு. 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு 27,000-க்கும் மேல் துப்பாக்கிகளைக் களத்தில் பொறுக்கினாங்க. சுமார் 24,000 துப்பாக்கிகள் சுடாமலே அடைச்சபடி கிடந்தன. அதில் ஏறக்குறைய பாதியில் ரெண்டு தடவை அடைச்சிருந்தது. அவங்க பயிற்சி பெற்ற சிப்பாய்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்துல வயல்ல நிக்கிற ஒரு மனுஷனை நினைச்சுப் பாருங்க.

கடைசியா சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாம தோட்டா தயாரிக்கிறது குற்றம். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பயிர்க் காவலுக்கு உரிமம் தரலாம்னு சொல்லுறது வாய் வழியா அடைக்கிற துப்பாக்கிக்கு. அது போதாதுன்னு அதிகாரி கருதினா, வரிப்பள்ளம் இல்லாத வேற குழல் துப்பாக்கிக்கு. பாயிண்ட் 22 ரைஃபிளை அந்தப் பிரிவு பேசுறது ரைஃபிள் கிளப் உறுப்பினர்களின் இலக்குப் பயிற்சிக்காக.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. துப்பாக்கி உரிமம் வேற, சுடுற அனுமதி வேற. காட்டுப்பன்றி, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கு. பயிருக்கு ஆபத்துன்னு தலைமை வன உயிரினக் காப்பாளரோ, அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்து மூலமா உத்தரவு தந்தாதான் சுடலாம். மயில் முதல் அட்டவணை. பயிரைத் தின்னுதுன்னு அதைச் சுட வழியே இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே உத்தரவு போட்டு, உரிமம் உள்ளவங்களை வெச்சுச் சுட வைக்கலாம். தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேற வழி எடுத்துச்சு. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை சுடக் கூடாது. 1 முதல் 3 வரை பிடிச்சுக் காட்டுல விடணும். 3-க்கு அப்பால் வனத்துறையே சுடும். காட்டை ஒட்டின பாபநாசம் அடிவார வயல்களுக்கு இது என்ன அர்த்தம்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

அந்தக் கோபத்துலதான் சிலர் அவுட்டுக்காய்க்கும் கரண்டு வேலிக்கும் போறாங்க. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதறி ஆத்துல நின்னே செத்துப்போன கர்ப்பிணி யானை ஞாபகம் இருக்கும். வெடிக்கும் மின்சாரத்துக்கும் பன்றி எது, யானை எது, பக்கத்து வயல்காரர் எதுன்னு தெரியாது.

மிதமான ஆற்றல் உண்மையிலேயே உதவுற இடம் சோலார் வேலி. அதுல ஓடுறது நேரடி வீட்டு மின்சாரம் இல்லை. கண நேரத் துடிப்பு, தொட்டா உதறும், உயிரை எடுக்காது. தமிழ்நாட்டில் 2023 விதிகளின்படி அதை வனத்துறையில் பதிவு பண்ணணும். நாலஞ்சு வயல்காரங்க சேர்ந்து போட்டா செலவும் பிரியும். சேதம் நடந்தா அன்னைக்கே படம் எடுத்து, வி.ஏ.ஓ.கிட்டயும் வனச்சரக அலுவலகத்திலயும் மனு கொடுத்து நிவாரணம் கேளுங்க.

மனு மெதுவாத்தான் நகரும், தெரியும். ஆனா அதுக்கு விரல் போகாது, கண் போகாது. ஊர்ல விவசாயம் பாக்குற மாமா, சித்தப்பா இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.