தொழிற்களப் பயிற்றுநரும் அவர் பெறவேண்டிய பயிற்சியும்

பள்ளிப் பருவம் முடிந்தபின் பிள்ளை எத்தொழிலைச் செய்து பிழைக்கும் என்னும் கேள்வி பெற்றோர் அனைவருக்கும் உரியது. வளர்ச்சிக் குறைபாடுடைய பிள்ளைகளைப் பெற்றோருக்கோ அது நெஞ்சை விட்டகலாத கவலையாகிவிடுகின்றது. பிறவியிலிருந்தோ இளமையிலிருந்தோ அறிவு வளர்ச்சி, பேச்சு, உடலியக்கம், பிறரோடு பழகும் ஆற்றல் முதலியவற்றில் தடை நேர்ந்தோரையே வளர்ச்சிக் குறைபாடுடையோர் என்பர். டவுன் சிண்ட்ரோம், ஓட்டிசம், மூளை முடக்குவாதம் முதலிய நிலைகளை உடையோர் இவர்களுள் அடங்குவர்.

மேலைநாடுகளில் நெடுங்காலமாக இத்தகையோருக்கெனத் தனிப் பட்டறைகள் நடத்தப்பட்டன. பொருள்களை உறையிலிடுதல், பெட்டிகளை அடுக்குதல் போன்ற எளிய வேலைகளே அங்கு கொடுக்கப்பட்டன. வெளியுலகத் தொழிலுக்கு ஆயத்தஞ் செய்வதே பட்டறையின் நோக்கமெனக் கூறப்பட்டபோதிலும், அந்த ஆயத்தம் பலருக்கு முடிவுறவேயில்லை. ஆண்டுகள் பல கழிந்தும் அவர்கள் அங்கேயே இருந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிற்சட்டம், அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியத்திலும் குறைவான கூலி கொடுக்க இடமளித்தது. அவர்களால் இதற்குமேல் கற்க இயலாது என்னும் எண்ணமே இவ்வேற்பாட்டுக்கு அடிப்படையாயிருந்தது.

அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் கோல்ட் முதன்மையானவர். பட்டறைகளிலிருந்த 64 பேருக்குத் துவிச்சக்கர வண்டியின் பிறேக்கைப் பூட்டக் கற்பித்து, அதன் பயனை 1972ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அந்தப் பிறேக்கு 15 உறுப்புகளைக் கொண்டது. சிலருக்கு, ஒவ்வோர் உறுப்பிலும் தம்மை நோக்கியிருக்கவேண்டிய பக்கத்துக்கு வர்ணம் பூசிக் கொடுத்தார். அவர்கள் மிக விரைவாகக் கற்றனர். பின்னர் 24 உறுப்புகள் கொண்ட பிறேக்கையும் கற்பித்தார். கற்பவர் தவறினால் கற்பிக்கும் முறையை மாற்றுக என்பதே கோல்டின் கொள்கை. அதாவது, குறையை மாணவரிடத்துத் தேடுமுன் ஆசிரியர் தமது முறையிலே தேடவேண்டும். அவருடைய பயிற்சித் திட்டத்தின் பெயரே ‘வேறு வழியில் முயல்க’ என்பதாகும்.

இதன்பின், முதலிற் பயிற்சி, பின்னர் வேலை என்றிருந்த ஒழுங்கு தலைகீழாக மாற்றப்பட்டது. உண்மையான வேலைத்தலத்தில், உண்மையான சம்பளத்தோடு ஒருவரை அமர்த்தி, அங்கேயே அவருக்குக் கற்பிக்கும் முறை 1980களில் வேர்ஜினியா முதலிய இடங்களில் வளர்ச்சியுற்றது. 1986ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் புனர்வாழ்வுச் சட்டம் திருத்தப்பட்டபோது இம்முறைக்கு அரசாங்க நிதியும் கிடைத்தது. யப்பான் 2002ஆம் ஆண்டில் இத்தகையதொரு திட்டத்தைத் தொடங்கியது. தொழிலாளியோடு வேலைத்தலத்துக்குச் சென்று, அவர் அருகில் நின்று கற்பிப்பவரை ஆங்கிலத்தில் ‘ஜொப் கோச்’ என்பர். தமிழில் தொழிற்களப் பயிற்றுநர் எனலாம்.

இப்பணிக்கு இரக்கமுள்ள எவரும் போதுமெனப் பலர் நினைப்பர். பயிற்சியற்ற இரக்கம் தீங்கு விளைப்பதுமுண்டு. தொழிலாளி சற்றே தயங்கியதும் பயிற்றுநர் தாமே அவ்வேலையைச் செய்துவிடுவார். அதனால் வேலை நடைபெறும், கல்வி நடைபெறாது. மேற்பார்வையாளரும் கட்டளைகளைத் தொழிலாளியிடம் கூறாது பயிற்றுநரிடமே கூறப் பழகிவிடுவார். பயிற்றுநர் விலகும் நாளில் அந்த உத்தியோகமும் நிலைகுலையும். இழப்பு முழுவதும் தொழிலாளிக்கே உரியதாகும். அவரால் இயலாது என்ற பழைய தீர்ப்பும் மீண்டும் அவர்மேற் சுமத்தப்படும்.

ஆகவே, பயிற்றுநர் முதலிற் கற்கவேண்டியது, வேலையைப் படிகளாகப் பகுத்தலாகும். விடுதியொன்றின் சலவைப் பகுதியில் துவாய் மடித்தலை எடுத்துக்கொள்வோம். கூடையிலிருந்து துவாயை எடுத்தல், மேசையில் விரித்தல், ஓரத்தை ஓரத்தோடு பொருத்துதல், சுருக்கம் நீக்குதல், மீண்டும் மடித்தல், அடுக்கில் வைத்தல் என அது பல படிகளாக விரியும். பயிற்றுநர் அவ்வேலையைத் தம் கையாற் செய்து பார்த்த பின்னரே அப்படிகளை எழுதவேண்டும்.

அடுத்தது, உதவியை அளந்து கொடுத்தல். தொழிலாளி தாமே தொடங்குமாறு முதலிற் சற்றுக் காத்திருத்தல் வேண்டும். தொடங்காவிடின் ஒரு சொல். அதுவும் பயன்படாவிடின் ஒரு சைகை. பின்னர் செய்து காட்டல். இறுதியாகவே, அவர் உடன்பாட்டோடு, கையைப் பிடித்து வழிகாட்டல். எப்படியைத் தொழிலாளி உதவியின்றிச் செய்தார், எப்படியில் எவ்வகை உதவி தேவைப்பட்டது என்பதை நாள்தோறும் குறித்து வைக்கவேண்டும். ஒரே படியில் பல நாள் தடையுண்டாயின், மேசையில் ஒரு கோடு வரைதல், படங்கொண்ட அட்டையை ஒட்டுதல் முதலிய மாற்றுவழிகளைத் தேடவேண்டும்.

மூன்றாவதாக வருவதும் அரியதும், விலகிச் செல்லும் கலையாகும். அருகில் நின்றவர் சற்றுப் பின்னே நிற்பார். பின் அறைக்கு வெளியே நிற்பார். பின்னர் கிழமைக்கு ஒருமுறையும் மாதத்துக்கு ஒருமுறையும் வந்து பார்ப்பார். அவர் விலகும் இடத்தைச் சக தொழிலாளரும் மேற்பார்வையாளரும் நிரப்பவேண்டும். ஐயமெழுந்தால் அருகிலிருப்பவரைக் கேட்கவும், தேநீர் வேளையில் அவர்களோடு அமரவும் தொழிலாளி பழகுதல், துவாய் மடிக்கக் கற்றலைப்போன்றே இன்றியமையாதது. புதிய வேலையோ புதிய மேலாளரோ வரும்போது பயிற்றுநர் சிறிது காலம் திரும்பி வருதலும் முறையே.

இவற்றோடு, தொழிலாளியின் விருப்பத்தை அறிதல், முதலாளியின் தேவையை விளங்கிக்கொள்ளல், பேருந்திற் தனியே சென்றுவர வழிகாட்டல், அஞ்சும் தாய்தந்தையரைத் தெளிவித்தல் என்பனவும் பயிற்சியில் அடங்கவேண்டும். வகுப்பிற் கேட்பது மாத்திரம் போதாது. அனுபவமுள்ளவரின் கண்காணிப்பில் வேலைத்தலத்தில் நின்று கற்பித்துப் பார்த்தாலன்றி இத்திறன் கைவராது.

ஐக்கிய நாடுகள் சபையின் 2006ஆம் ஆண்டுச் சமவாயம், பிறரோடு சமமாகத் தொழில் செய்யும் உரிமை இவர்களுக்கும் உண்டென 27ஆம் உறுப்புரையிற் கூறுகின்றது. தொழிலைத் தேடவும், பெறவும், அதில் நிலைத்திருக்கவும் உதவி வழங்கப்படவேண்டுமெனவும் அது விதிக்கின்றது. இலங்கை 2016ஆம் ஆண்டில் இதனை ஏற்று உறுதிப்படுத்தியது. நிலைத்திருக்க உதவுதல் என்னும் சொற்கள் ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க வேண்டுமாயின், அவ்வுதவியைச் செய்யத் தெரிந்தவர்கள் வேண்டும். தாம் விடைபெற்ற பின்னரும் ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாத முடிவிற் சம்பளத்தோடு வீடு திரும்புவாராயின், அப்பயிற்றுநர் தம் பணியைச் செம்மையாகச் செய்தவராவார்.