ஜாரவா காட்டில் தட்டம்மை

நம்மூர்ப் பாட்டிகள் ‘மணல்வாரி’ என்று வேப்பிலை செருகித் தேற்றிய தட்டம்மை, 1877-ல் அந்தமானில் பரவியபோது குடிகுடியாக ஆட்களைக் கொண்டுபோனது. 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது சில ஆயிரம் பேராக இருந்த கிரேட் அந்தமானியப் பழங்குடிகள், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் 19 பேர். மேகநோயும் மற்றக் காய்ச்சல்களும் இதில் கூட்டாளிகள்.

‘காட்டுவாசிகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு’ என்று இன்றும் பேசுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. அட்டையும் கொசுவும் மண்டிய மழைக்காட்டில் பல்லாயிரம் ஆண்டுகள் தழைத்தவர்கள் அவர்கள்.

அவர்களிடம் இல்லாதது சக்தி அல்ல, முன்பழக்கம். கிருமி நுழைந்த சில மணி நேரத்தில் முதல்வரிசை வெள்ளையணுக்கள் பாய்ந்துவிடும். ஆனால் அந்தக் குறிப்பிட்ட கிருமிக்கே பொருந்தும் பி, டி செல்கள் நிணநீர்க்கணுக்களில் பெருகி, எதிர்ப்பொருள் கிளம்ப ஒரு வாரத்துக்கு மேலாகும். பிழைத்தவர் உடலில் நினைவுச் செல்கள் தங்கும். அடுத்த முறை தாமதம் இல்லை. வட அட்லாண்டிக்கின் ஃபாரோ தீவுகளில் 65 ஆண்டு இடைவெளிக்குப் பின் 1846-ல் தட்டம்மை வந்தது. ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேர் படுத்தார்கள். 1781-ல் நோய் கண்டிருந்த கிழவர்களை மட்டும் அது தொடவில்லை என்று பானும் என்ற டேனிஷ் மருத்துவர் எழுதிவைத்தார். இத்தனைக்கும் ஃபாரோக்காரர்கள் ஐரோப்பியர்கள்!

தட்டம்மை ஓயாமல் சுற்றிவர லட்சக்கணக்கில் மக்கள் வேண்டும். சிறு குடிகளிடம் அது தங்காது. ஆகவே அதன் நினைவும் இருக்காது. வரும்போது குழந்தை, தாய், கிழவர் எல்லோரும் ஒருசேரப் படுப்பார்கள். தண்ணீர் கொண்டுவந்து தரக்கூட ஆள் இருக்காது. போதாக்குறைக்கு, தட்டம்மை நினைவுச் செல்களையே தாக்குகிறது. தடுப்பூசி போடாத குழந்தைகள் நோய்க்குப் பின் தங்கள் எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்ததாக 2019-ல் ஓர் ஆய்வு காட்டியது. தட்டம்மையை அடுத்து நிமோனியா வந்து ஆளைக் கொல்வது இதனாலும்தான்.

மரபணுவுக்கும் பங்கு உண்டு. சிறு குடிக்குள்ளேயே மணம் முடிப்பதால் அந்தமானின் ஜாரவா, ஓங்கே பழங்குடிகளிடம் மரபணு வேறுபாடு குறைவு. கொரோனா அவர்களை மோசமாகத் தாக்கலாம் என்று ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் சௌபேயும் 2021-ல் எச்சரித்தார்கள். ஆனால், அதற்கு முன்பே 2020 ஆகஸ்டில் கொரோனா தொற்றிய பத்து கிரேட் அந்தமானியரும் தேறிவிட்டார்கள். உடனே கண்டுபிடித்ததும் கவனித்ததும் அங்கே கைகொடுத்தன.

இனி ஜாரவாக்களின் கதை. 1996-ல் கால் முறிந்த ஜாரவா இளைஞர் ஒருவருக்குப் போர்ட் பிளேர் மருத்துவமனையில் மாதக்கணக்கில் சிகிச்சை நடந்தது. அவர் திரும்பிய பின், 1997-ன் கடைசியில் ஜாரவாக்கள் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கினார்கள். 1999-ல் அவர்களுக்குத் தட்டம்மை. அவர்கள் காட்டை ஊடுருவிப் போகும் அந்தமான் டிரங்க் சாலையை மூட 2002-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தச் சாலையின் ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியிலிருந்து வாகன வரிசைகள் அதன் பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தன, அவற்றில் பல பாராடாங் தீவின் குகை பார்க்க.