திரௌபதி சுழலும் அறை

இருட்டான அறை. ஒளி ஊடுருவும் மைலார் தாளில் செய்த ஐந்து பெரிய உருளைகள் கூரையிலிருந்து தொங்குகின்றன. அவற்றின் உட்புறத்தில் ஓவியங்கள். மோட்டார் உருளைகளை மெதுவாகச் சுழற்ற, ஆறு ப்ரொஜெக்டர்கள் அவற்றின் ஊடாகச் சுவர்களில் வீடியோவைப் பாய்ச்சுகின்றன. நளினி மலானியின் ‘இன் சர்ச் ஆஃப் வேனிஷ்டு பிளட்’ இது. 2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில் டாக்குமெண்டா கண்காட்சியில் இடம்பெற்றது. ஓடும் நேரம் 11 நிமிடம்.

சூட்சுமம் உருளையில் இருக்கிறது. தோல்பாவைக் கூத்தில் பாவையை விளக்கின் பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகும். அங்கே அது கூத்தாடியின் கைவேலை. இங்கே உருளையின் வடிவமே அதைச் செய்கிறது. ஒளி முதலில் உருளையின் இந்தப் பக்கத்தையும் பிறகு அந்தப் பக்கத்தையும் கடக்கிறது. ஒரு பக்கம் வலமாகப் போகும்போது மறுபக்கம் இடமாக வரும். விளக்குக்குப் பக்கத்திலுள்ள உருவத்துக்குப் பெரிய நிழல், தள்ளியுள்ளதற்குச் சிறிய நிழல். இரண்டும் ஒரே சுவரில் எதிரெதிரே வந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கடக்க, அவற்றுக்கு அடியில் வீடியோ ஓடுகிறது. நடுவில் நடக்கும் நம் நிழலும் அதில் கலந்துவிடுகிறது.

மலானி 1946-இல் கராச்சியில் பிறந்தவர்; பிரிவினையில் குடும்பம் கல்கத்தாவுக்கு வந்தது. 1969-இல், மும்பையில் ஓவியர் அக்பர் பதம்சி தொடங்கிய பட்டறையில் படம் எடுக்கப் பழகினார். உட்புறம் தீட்டும் முறையை ஓவியர் பூபேன் கக்கரிடம் கற்றார். நம் தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியமும் இதே முறைதான்: கண், நகை முதலில், பின்னணி கடைசியில். மலானி 2023-இல் கியோட்டோ பரிசு பெற்றார்.

படைப்பின் ஒலிப்பதிவில் வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’ கதையும் சேர்ந்திருக்கிறது. அதில் வரும் சந்தால் பெண் டோப்டியை (திரௌபதி என்பதன் திரிபே இப்பெயர்) படையினர் சிதைக்கிறார்கள். துகில் தரக் கண்ணன் வருவதில்லை. கொடுத்த துணியையும் கிழித்தெறிந்துவிட்டு அவள் அதிகாரியின் முன் நிமிர்ந்து நிற்கிறாள்.

செஞ்சி வட்டாரத்துக்குத் திரௌபதியின் இந்தக் கோபம் புதிதல்ல. திரௌபதியம்மன் வழிபாட்டின் மூலக்கோயிலாகப் போற்றப்படும் மேலச்சேரி, செஞ்சிக்கு அருகில்தான். இரவெல்லாம் பாரதக் கூத்து பார்த்துவிட்டு, படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன்மேல் அம்மன் கூந்தல் முடிப்பதைக் காணும் ஊர்கள் இவை. மலானியினுடையது போன்ற கலை பெருநகரக் காட்சிக்கூடங்களோடு நின்றுவிடுவது எனக்கு ஒப்பவில்லை. மலானியின் உருளைகள் ஒரு திருவிழா இரவில் இங்கே சுழல வேண்டும். விளக்கப் பலகை தேவைப்படாது; துகிலுரியும் காட்சியில் மூச்சடக்கி உட்கார்ந்தவர்களுக்கு டோப்டி யாரென்று உடனே தெரியும்.