பால்மரத்தில் வீடு: பேராக்கின் வீட்டுப் பிரச்சினைக்கு ஆலையில் செய்த மர வீடுகள் தீர்வாகுமா?

பலகை வீடு என்றதும் நம்மில் பலருக்கு ஒரே படம்தான் மனதில் வரும். தகரக் கூரை, இடைவெளி விட்ட சுவர், மழை பெய்தால் உள்ளே ஒரு வாளி. தாத்தா பாட்டி வாழ்ந்த தோட்டத்து லயம். அதை விட்டுக் கல் வீட்டுக்குப் போவதுதான் முன்னேற்றம் என்று நம் வீடுகளில் சொல்லிச் சொல்லியே வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் கனடாவின் வான்கூவரில் 404 மாணவர்கள் தங்கும் 18 மாடி விடுதி ஒன்று 2017-இல் திறக்கப்பட்டது. அதன் தூண்களும் தளங்களும் பெரும்பாலும் மரம். ஆலையில் செய்த பாகங்கள் வந்து இறங்கியபின், மரப் பகுதியை நிறுத்தி முடிக்க 70 நாள்கூட ஆகவில்லை. நார்வேயில் 85 மீட்டர் உயரத்துக்கு ஒரு மரக் கட்டடம் நிற்கிறது. அமெரிக்காவின் மில்வாக்கியில் 25 மாடிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதன் கீழ்த்தளங்கள் கான்கிரீட், மேலே உள்ளவை மரம்.

வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது, தோட்டங்களில் இன்னும் பழைய லயங்கள் இருக்கின்றன. இந்த நிலையில், "இதே மாதிரி இங்கேயும் கட்டினால் என்ன?" என்ற கேள்வி நியாயமானதுதான். பேராக்கை வைத்துக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஆலையில் வீடு செய்வது என்றால் என்ன?

வழக்கமான முறையில் மணல், செங்கல், கம்பி, சிமெண்ட் எல்லாம் வீடு கட்டும் இடத்துக்கே வரும். மழை வந்தால் வேலை நிற்கும். ஆள் கிடைக்கவில்லை என்றாலும் நிற்கும்.

ஆலை முறையில் சுவர், தளம், கூரைச் சட்டம் எல்லாம் கூரைக்குக் கீழே, இயந்திரத்தில், அளவு பிசகாமல் தயாராகின்றன. ஜன்னல் துளை, ஒயர் போகும் வழி எல்லாம் அங்கேயே வெட்டிவிடுவார்கள். பிறகு லாரியில் ஏற்றி வந்து பொருத்த வேண்டியதுதான். இதே நேரத்தில் இந்தப் பக்கம் அஸ்திவார வேலை நடந்துகொண்டிருக்கும். நேரம் மிச்சமாவது இப்படித்தான்.

இதில் இரண்டு பொருள்களின் பெயர் அடிக்கடி வரும். ஒன்று க்ளூலாம். மரச் சட்டங்களை ஒரே திசையில் அடுக்கிப் பசையிட்டு அழுத்திச் செய்வது. தூணுக்கும் உத்தரத்துக்கும் பயன்படும். இன்னொன்று சிஎல்டி. இதில் பலகைகளை ஒரு வரிசை நீளவாக்கில், அடுத்த வரிசை குறுக்குவாக்கில் என்று மாற்றி மாற்றி ஒட்டுவார்கள். ஒரு முழுச் சுவரே ஒரே பலகையாகக் கிடைக்கும். எளிமையான மூன்றாவது வழியும் உண்டு. மரச் சட்டம் கட்டி, இருபக்கமும் தகடு அடித்த சுவர்கள். ஒரு மாடி, இரண்டு மாடி வீட்டுக்கு இதுவே போதும்.

இது நமக்குப் புதுசா?

இல்லை. கோலகங்சாரில் உள்ள இஸ்தானா கெனாஙான் அரண்மனையைப் பாருங்கள். 1926-இல் ஓர் ஆணிகூட அடிக்காமல் கட்டப்பட்டது. சுவர்கள் பின்னிய மூங்கில். பழைய மலாய் வீடுகளிலும் தூணும் உத்தரமும் துளையில் மாட்டி ஆப்பு வைத்து நிற்பவைதான். கழற்றி வேறு இடத்தில் மாட்டவும் முடியும். பத்து காஜாவுக்குப் பக்கத்தில் உள்ள பப்பான் என்ற சிற்றூரின் பெயருக்கு மலாயில் பலகை என்றே பொருள். ஈயத்துக்கு முன்னால் அந்த ஊர் மரம் அறுத்துப் பிழைத்தது.

அவசரகாலத்தில் இன்னொரு அனுபவம். 1948 ஜூன் மாதம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950-க்குப் பிறகு லட்சக்கணக்கானோர் புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். தோட்டத் தொழிலாளர்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலிக்குள் குடியமர்த்தப்பட்டனர். பலகையும் தகரமும் கொண்டு வீடுகள் அவசரமாக எழுந்தன. வேகமாகக் கட்ட முடியும் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாருக்காக, யார் சொல்லி, எந்த நிலத்தில் கட்டினார்கள் என்பது வேறு கதை. அந்தக் கேள்விக்குப் பிறகு வருவோம்.

சுதந்திரத்துக்குப் பின் 1960-களில் கோலாலம்பூரின் பெக்கெலிலிங் அடுக்குமாடிகள் டென்மார்க் முறையில், ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களால் எழுந்தன. இன்று ஐபிஎஸ் என்று நாம் கேள்விப்படும் கட்டுமான முறைக்கு அதுதான் தொடக்கம். 2008 முதல் பெரிய அரசாங்கத் திட்டங்களில் ஐபிஎஸ் மதிப்பெண் குறைந்தது 70 இருக்க வேண்டும் என்பது விதி. கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் வகைப்படுத்தும் ஐபிஎஸ் முறைகளில் மரச்சட்ட முறையும் ஒன்று. ஆனால் நடைமுறையில் ஐபிஎஸ் என்றால் கான்கிரீட் என்றுதான் ஆகிவிட்டது.

ஏன் குறிப்பாகப் பேராக்?

காரணம் நாம் நன்றாக அறிந்த ஒரு மரம். 1877-இல் கோலகங்சாரில் நட்ட முதல் ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னமும் அங்கே நிற்கிறது. அதன் வழிவந்த தோட்டங்கள்தான் நம் முன்னோரை இங்கே கொண்டுவந்தன.

பால்மரம் 25, 30 ஆண்டு பால் கொடுக்கும். பிறகு சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரத்தை ஒரு காலத்தில் விறகாக எரித்தார்கள். வெட்டிய சில நாளிலேயே நீலப்பூசணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால் யாரும் அதை மரமாகவே மதிக்கவில்லை. கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள்தான் அதை மாற்றின. அறுத்த உடனே அழுத்தத்தில் போரான் உப்பு ஏற்றி, சூளையில் உலர்த்தினால் அருமையான பலகை கிடைக்கிறது. இன்று மலேசிய மரத் தளவாடங்களின் முக்கிய மூலப்பொருள் அதுதான். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையே அதாக இருக்கலாம்.

பால்மரத்தில் நீளமான நேர்ப்பலகை கிடைப்பது அரிது. ஆனால் க்ளூலாமும் சிஎல்டியும் சின்னத் துண்டுகளைக் கோத்து ஒட்டிச் செய்பவை. அதனால்தான் பால்மரத்தில் சிஎல்டி செய்து பார்க்கும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. காட்டை அழிக்க வேண்டியதில்லை, எப்படியும் சாய்க்கப் போகிற மரம்தான். ஒரு கன மீட்டர் மரம் ஏறக்குறைய ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைத் தனக்குள் வைத்திருக்கிறது. வீடு நிற்கும்வரை அது காற்றில் கலக்காது.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரு போட்டி இருக்கிறது. பால்மரப் பலகை போதவில்லை என்று தளவாடத் தொழில் ஏற்கெனவே குறைபட்டதால், 2017-இல் அரசாங்கம் அதன் ஏற்றுமதியைத் தடை செய்தது. ரப்பர் இருந்த இடத்தில் எண்ணெய்ப்பனை வந்துகொண்டே இருப்பதால் மரமும் குறைகிறது. வீட்டுக்குப் பலகை வேண்டுமென்றால் மேசை நாற்காலியோடு போட்டிபோட வேண்டும்.

தீ, கரையான், மழை: பயம் நியாயம்தானா?

தீயைப் பற்றிய பயம் பாதி நியாயம். மெல்லிய பலகை சீக்கிரம் எரியும். தடித்த மரம் அப்படி இல்லை. வெளிப்பக்கம் கரியாகி, அந்தக் கரியே உள்ளே இருப்பதைக் காக்கும். நிமிடத்துக்கு அரை முதல் முக்கால் மில்லிமீட்டர்தான் கரியாகும். எனவே எத்தனை நிமிடம் தாங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் கனத்தைக் கூட்டலாம். ஆனால் இங்கே 1984-ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகளின்படி தீத்தடுப்பை நிரூபித்து, ஊராட்சி மன்றத்திடம் அனுமதி பெற வேண்டும். அதிகாரிகளுக்குப் பழக்கமில்லாத பொருள் என்றால் அதற்கு நேரம் பிடிக்கும்.

ஈரத்தைப் பற்றிய பயம் முழுக்க நியாயம். தைப்பிங் மழையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போரான் உப்பு தண்ணீரில் கரையக்கூடியது. மழை படும் இடத்தில் பால்மரத்தை வைத்தால் மருந்து வெளியேறிவிடும், பிறகு பூஞ்சையும் கரையானும்தான். சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய மரத்தால் கட்டிய காயா கட்டடம் 2023-இல் திறக்கப்பட்டது. இரண்டே ஆண்டில் அங்கே பூஞ்சை படிந்தது செய்தியானது. பணமும் பராமரிப்பும் உள்ள இடத்திலேயே அப்படி என்றால், குறைந்த விலை வீட்டில் இன்னும் கவனம் வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. தரையிலிருந்து உயர்த்திய அடித்தளம், அகலமான கூரை இறவாரம், காற்றோட்டம், வெளிப்பக்கம் வேறு உறை. பழைய மலாய் வீடு இதையெல்லாம் முன்பே செய்துவிட்டது.

சரி, உண்மையில் வீடு ஏன் கிடைக்கவில்லை?

இங்கேதான் நிற்க வேண்டும். கட்டி முடித்தும் விற்காமல் கிடக்கும் வீடுகள் அதிகமுள்ள மாநிலங்களின் பட்டியலில் பேராக்கின் பெயர் தொடர்ந்து வருகிறது. ஒரு பக்கம் ஆளில்லாத வீடுகள், இன்னொரு பக்கம் வீடில்லாத குடும்பங்கள். வேகமாகக் கட்ட முடியாததால் வந்த பிரச்சினையா இது? வாங்கும் சக்திக்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் பெரிய காரணம். வேலை இருக்கும் இடத்துக்கும் வீடு கட்டும் இடத்துக்கும் உள்ள தூரமும் சேர்ந்துகொள்கிறது.

தோட்டக் குடும்பங்களுக்கு இதோடு இன்னொன்றும் உண்டு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் முதலாளி தரும் வீட்டின் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. அது வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்குவதில்லை. பணி ஓய்வு பெற்றால், தோட்டம் கைமாறினால், வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். முப்பது ஆண்டு பால் வெட்டியவர் கையில் சேமநிதிப் பணம் மட்டும் இருக்கும், முகவரி இருக்காது.

இதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி போட்டார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் முதலில் கேட்டது நிலம்.

அதே சுங்கை சிப்புட்டில் 2008 முதல் 2018 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜும் அவரது மலேசிய சோசலிசக் கட்சியும் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீடு வேண்டும் என்று கோரி வருகிறார்கள். அறுபது ஆண்டு கழித்தும் கோரிக்கை பெரிதாக மாறவில்லை.

நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரம். விவசாய நிலத்தில் வீட்டுமனை அமைக்க நிலத்தின் பயன்பாட்டு வகையை மாற்ற வேண்டும். 'ரூமா மெஸ்ரா ராக்யாட்' என்ற அரசாங்கத் திட்டம் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு வீடு கட்டித் தருகிறது. ஆனால் விண்ணப்பிப்பவரிடம் மனை இருக்க வேண்டும், அல்லது நில உரிமையாளரின் அனுமதி இருக்க வேண்டும். லயத்தில் இருப்பவரிடம் இல்லாதது அதுதானே?

அப்போ மர வீடு எங்கே உதவும்?

நிலம் உறுதியான இடத்தில். ஒரு தோட்ட நிர்வாகமோ மாநில அரசாங்கமோ ஐம்பது, நூறு குடும்பங்களுக்கு மனை ஒதுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் போதும். ஒரே மாதிரி வீடுகள் என்பதால் ஆலைக்கும் வசதி. எடை குறைவு என்பதால் அஸ்திவாரச் செலவும் குறையலாம். முக்கியமாக, குடும்பங்கள் வாடகை வீட்டில் காத்திருக்கும் மாதங்கள் குறையும். பிள்ளைகள் பெரியவர்களானால் இன்னோர் அறை சேர்ப்பதும் எளிது.

ஈப்போவில் பூந்தோங் போன்ற பழைய குடியிருப்புகளிலும், மனைக்கு உரிமை தெளிவாக இருக்குமானால், ஆட்களை வேறு ஊருக்கு அனுப்பாமல் அதே இடத்தில் வீட்டை மட்டும் புதுப்பிக்க இந்த முறை கைகொடுக்கும். குறுகிய சந்துக்குள் கான்கிரீட் லாரி போவதைவிடச் சுவர்ப் பலகைகளைக் கொண்டுபோவது சுலபம்.

ஆனால் ஆலை என்பது தொடர்ந்து வேலை கேட்கும் ஒன்று. அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் முதலீட்டில் இயங்கிய கட்டெர்ரா நிறுவனம் 2021-இல் திவாலானது. பிரிட்டனில் லீகல் அண்ட் ஜெனரல் நிறுவனம் தன் வீட்டு ஆலையில் உற்பத்தியை 2023-இல் நிறுத்தியது. ஐம்பது வீட்டுக்காக யாரும் ஆலை கட்ட மாட்டார்கள். ஆண்டுதோறும் இத்தனை வீடு என்று அரசாங்கம் உறுதி கொடுத்தால்தான் விலை இறங்கும். இல்லையென்றால் மர வீடு பணக்காரர்களின் ரிசார்ட்டாகவே இருந்துவிடும்.

நாம் என்ன கேட்க வேண்டும்?

அடுத்த முறை உங்கள் பகுதியில் 'நவீன மர வீட்டுத் திட்டம்' என்று யாராவது அறிவித்தால், படத்தைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

நிலப் பட்டா யார் பெயரில் வரும்?

மாதத் தவணை, அந்த வட்டாரச் சம்பளத்தில் கட்டக்கூடியதா?

மரத்துக்கு என்ன மருந்து ஏற்றியிருக்கிறார்கள், கரையானுக்கும் ஈரத்துக்கும் எத்தனை ஆண்டு உத்தரவாதம்?

பழுது வந்தால் பக்கத்து ஊர்த் தச்சரால் சரிசெய்ய முடியுமா, ஆலைக்காரர்தான் வர வேண்டுமா?

முதல் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மற்ற மூன்றுக்கும் அவசியமே இல்லை. அப்போது கிடைப்பது, எவ்வளவு அழகாக இருந்தாலும், இன்னொரு லயம்தான். பட்டா கையில் இருந்தால், பால்மரத்தில் செய்த சுவரும் சொந்த வீட்டுச் சுவர்தான்.