சாடி கற்பித்த அளவு

மண்ணிலே கால் பதித்து வாழ்ந்தவன் முதுமையில் மாடியேறி வாழ நேர்ந்தால், அவன் முதலில் இழப்பது காற்றையன்று, வெளிச்சத்தையுமன்று. விடிந்ததும் கைக்கு ஒரு வேலை காத்திருக்குமே, அதனையே இழக்கின்றான். யாழ்ப்பாணத்து வளவிலே வாழைக்கு நீர் பாய்ச்சுவதும், வேலிக் கதியால்களைப் பார்வையிடுவதுமாக விடிந்த பொழுது, கொழும்பிலே நான்கு சுவர்களுக்குள் வெறுமையாகவே விடிகின்றது.

என் மனைவி காலமான பின்னர் மகள் என்னை வெள்ளவத்தைக்கு அழைத்து வந்தாள். போர்க்காலத்தில் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் பலர் வந்து சேர்ந்த அவ்விடத்தில் இன்று தொடர்மாடிகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. ஐந்தாம் மாடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வாய்த்தது ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கவியலாத பல்கனி. நான் ஊரிலிருந்து கொண்டு வந்தவை இரண்டு: கிணற்றடியில் அவள் நட்ட கறிவேப்பிலை மரத்தின் வேரிலிருந்து கிளைத்த கன்று ஒன்று, அதற்கென ஒரு பை செம்மண்.

சாடியிற் செடி வளர்த்தல் நமக்குப் புதியதன்று. முற்றத்துத் துளசி மாடம் வேறென்ன? 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது, வீட்டிலே பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை தீர்மானித்ததையும் நாம் கண்டோம். அந்நாட்களிற் பச்சைமிளகாயும் வல்லாரையும் பொன்னாங்காணியும் பல மாடிகளிலே சாடியேறின. ஆயின் என் நோக்கம் கறிக்கு இலை பறிப்பதன்று. அந்தக் கன்று பிழைக்க வேண்டும், அவ்வளவே.

அது பிழைக்கவில்லை. காலையும் மாலையும் நீர் வார்த்தேன். இலைகள் வாடின, தாகம் போலும் என்று நண்பகலிலும் வார்த்தேன். இரண்டாம் மாதம் தண்டு கறுத்தது. சாடியைக் கவிழ்த்தபோது செம்மண் களிக்கட்டியாக இறுகியிருந்தது. வேர்கள் அழுகி நாற்றமெடுத்தன. முப்பதாண்டுக் காலம் மாணவருக்குத் தாவரவியல் கற்பித்து, வேரும் சுவாசிக்கின்றது என்று கரும்பலகையில் எழுதியவன் நான்! என் கையாலேயே அதன் மூச்சை அடைத்துவிட்டேன்.

நிலத்திலே நாம் மிகுதியாக வார்த்த நீர் கீழே இறங்கிவிடும். குறைவாக வார்த்தால் வேர் ஆழத்திற் சென்று நீரைத் தேடும். நம் பிழைகள் பலவற்றைப் பூமி பொறுத்துக்கொள்கின்றது. சாடிக்கு அப்பொறுமை இல்லை. துளை வழியே நீர் வடிந்த பின்னரும் அடிப்பகுதி மண் நெடுநேரம் நீர் நிறைந்தே இருக்கும். அடியிலே கல்லைப் பரப்பினால் நீர் நன்கு வடியும் என்பர். உண்மையில் அந்த ஈரப்படை கல்லுக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் அண்மையில் நிற்கும். நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை வாடும்; நீரின்றி உலர்ந்தாலும் இலை வாடும். வாட்டத்தை மாத்திரம் பார்த்து நீர் வார்ப்பவன் நோயையே மருந்தென ஊட்டுகின்றான்.

கவிழ்த்த சாடியின் முன்னே அமர்ந்திருந்தபோது மற்றொன்றும் புலனாயிற்று. மகள் அலுவலகத்திலிருந்து திரும்பச் சற்றே தாமதித்தால் நான்கு முறை தொலைபேசியில் அழைப்பேன். உண்டாயா, உறங்கினாயா, முகம் ஏன் வாடியிருக்கின்றது என்று ஓயாது வினவுவேன். தாயை இழந்தவள் தன் துயரைத் தனியே ஆற்றிக்கொள்ளச் சிறிதும் இடைவெளி விட்டேனல்லேன். அதனை அன்பு என்றே எண்ணியிருந்தேன். அவளுடைய மௌனத்துக்கும் அன்றுதான் பொருள் விளங்கிற்று.

ஊரிலுள்ள உறவினர் ஒருவர் அம்மரத்தின் மறுகன்றொன்றை அனுப்பி வைத்தார். இம்முறை மட்சாடி தேர்ந்தேன். அதன் சுவரினூடாகவும் ஈரம் ஆவியாகும். தும்புத்தூளும் கூட்டெருவும் மணலும் கலந்து, ஊர்ச் செம்மண்ணில் ஒரு பிடி மாத்திரம் சேர்த்தேன். விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் இட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தாலன்றி நீர் வார்ப்பதில்லை. வார்த்தால் துளை வழியே வடியும்வரை வார்ப்பேன். தென்மேற்குப் பருவக்காற்று கடலுப்பைச் சுமந்து வரும் மாதங்களில் இலைகளை நன்னீரால் கழுவிவிடுவேன். நீரோடு உரச்சத்தும் கரைந்து போய்விடுமாதலால் சிறிது சிறிதாகக் கூட்டெரு இடுவேன். மற்ற வேளைகளிற் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேன். சும்மா இருத்தலே எனக்கு மிகக் கடினமான பாடமாயிற்று.

செடி வளர்த்தால் மன அமைதி உண்டாகும் என்பது பலர் கூற்று. பச்சையைக் கண்ட மாத்திரத்தே எனக்கு அமைதி வந்துவிடவில்லை. எங்கே கையை நீட்டுவது, எங்கே மடக்குவது என்று நாள்தோறும் பழகியதால் மெல்ல மெல்ல வந்தது. துயரம் இன்னும் இருக்கின்றது. ஆயினும் அது என்னையும் என் மகளையும் மூழ்கடிக்கவில்லை.

இன்று காலையும் விரலை இட்டுப் பார்த்தேன். மண்ணில் ஈரம் இருந்தது. நீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மகளுக்குத் தேநீர் தயாரிக்கச் சென்றேன்.