மூடும் நாள் குறிக்காத மாத்திரை

மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவார்கள். கையிருப்பு குறைந்தால் திறப்பு தள்ளிப்போகும், முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள்; ஆனாலும் மூடும் நாள் என்று ஒன்று கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். கல்லணைத் தண்ணீரை நம்பியிருக்கும் பூதலூர்ப் பக்கத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முகப்பருவுக்குச் சாப்பிடும் ஆன்டிபயாடிக் மாத்திரையிலோ அந்தக் கணக்கு அடிக்கடி விட்டுப்போகிறது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ, முதல் அட்டை மருத்துவர் எழுதிக் கொடுத்ததாக இருக்கும். இரண்டாவது பழைய சீட்டைக் காட்டி வாங்கியது. மூன்றாவது காலி அட்டையைக் காட்டி வாங்கியது. முகம் தெளிந்தால் நிறுத்துவதும், பரு தலைகாட்டினால் மறுபடி தொடங்குவதுமாக ஒரு வருடம் ஓடிவிடும். இந்த மாத்திரைக்கு முகப்பரு சிகிச்சையில் நியாயமான இடம் உண்டு. அந்த இடத்துக்கு எல்லையும் உண்டு. எல்லை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை.

பரு எப்படி வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. விடலைப் பருவத்தில் ஹார்மோன்களின் தூண்டுதலால் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கின்றன. மயிர்க்கால்களின் வாய் இறந்த செல்களால் அடைபடுகிறது. தேங்கிய எண்ணெயில் குட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது அந்த இடம் சிவந்து வீங்குகிறது. இந்தப் பாக்டீரியா பரு இல்லாதவர் முகத்திலும் குடியிருப்பது. ஆகவே டைபாய்டுக் கிருமியை ஒழிப்பதுபோல இதை ஒழித்து முடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. மாத்திரை பாக்டீரியாவின் எண்ணிக்கையைக் குறைக்கும், வீக்கத்தைத் தணிக்கும். அடைப்பை அது பெரிதாகத் தொடுவதில்லை. நிறுத்தியதும் பரு திரும்பி வருவதற்கு இதுவே காரணம். கரும்புள்ளியும் வெண்புள்ளியுமாக இருக்கும் லேசான பருவுக்கு மாத்திரை வேண்டியதே இல்லை. சிவந்து, வலித்து, முதுகுக்கும் மார்புக்கும் பரவி, தழும்பு விழும் பருவுக்குத்தான் அது தேவைப்படுகிறது.

அப்படித் தேவைப்படும்போதும் மாத்திரையைத் தனியாகக் கொடுக்கக் கூடாது என்பதில் உலகின் முக்கிய வழிகாட்டுதல்கள் ஒத்துப்போகின்றன. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 12 வாரத்தில் மறுபரிசீலனை செய்யச் சொல்கிறது. முகம் தெளிந்திருந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் களிம்பை மட்டும் தொடரலாம். விதிவிலக்கான நிலை தவிர ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் மாத்திரையின் காலத்தைச் சுருக்கி, கூடவே பென்சாயில் பெராக்சைடு தடவச் சொல்கிறது. மருந்துக்கடையில் குழாயில் அடைத்து விற்கும் இந்தச் சாதாரணக் களிம்பைக் குறைத்து எடைபோட வேண்டாம். 649 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 2004இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், 18 வார முடிவில் முகத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் மினோசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்களில் 54 சதவீதம். வெறும் பென்சாயில் பெராக்சைடு தடவியவர்களில் 60 சதவீதம். லேசானதும் நடுத்தரமானதுமான பருக்களுக்குக் களிம்பு மாத்திரைக்குச் சளைத்ததில்லை என்பதே இதன் பொருள். மினோசைக்ளினும் டாக்சிசைக்ளினும் அடங்கிய டெட்ராசைக்ளின் வகைக்குப் பழகிப்போன பாக்டீரியா தோலில் இருந்தவர்களுக்கு மாத்திரையின் பலன் குறைந்ததையும் அதே ஆய்வு காட்டியது. பென்சாயில் பெராக்சைடுக்கு அப்படிப் பாக்டீரியா பழகிவிடுவதில்லை. இரண்டரை சதவீத வீரியமே போதும். தோல் எரிச்சலும் குறையும். துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும் என்பதால் தலையணைக்குப் பழைய உறை போட்டுக்கொள்ளலாம்.

எல்லை தாண்டினால் முதல் நட்டம் சாப்பிடுபவரின் உடம்புக்கு. டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்களின் தோல் வெயிலுக்குச் சுலபமாகக் கன்றிப்போகும். நடவு, களையெடுப்பு என்று நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்பவர் இதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஒரு மிடறு தண்ணீரில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு உடனே படுத்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் ஆன்டாசிட் மருந்தும் டாக்சிசைக்ளின் உடலில் சேர்வதைத் தடுக்கும். சில மணி நேர இடைவெளி அவசியம். கருவுற்ற பெண்களுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகளை முகப்பருவுக்குக் கொடுப்பதில்லை. வளரும் பல்லில் நீங்காத கறை விழும். மினோசைக்ளின் நீண்ட காலம் சாப்பிட்டால் தோலில் நீலச் சாம்பல் நிறத் திட்டு, மூட்டுவலி, கல்லீரல் பாதிப்பு வரலாம். அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். டெட்ராசைக்ளின் வகை சாப்பிடும்போது விடாத தலைவலியோடு பார்வை மங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பருவுக்கே தரும் ஐசோட்ரெட்டினாயினை டெட்ராசைக்ளின் வகையோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்த ஆபத்து கூடும்.

இரண்டாவது நட்டம் ஊருக்கு. வயலுக்கு அடிப்பதையும் நாம் மருந்து என்றே சொல்கிறோம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் புகையான் பூச்சி அதற்குப் பழகிவிடும் என்பது டெல்டா விவசாயிக்குத் தெரியும். உடலிலும் அதே கதைதான். பருவுக்கென்று சாப்பிடும் மாத்திரை முகத்தோடு நிற்பதில்லை. குடலிலும் தொண்டையிலும் மூக்கிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் எல்லாம் மாதக்கணக்கில் அதில் நனைகின்றன. சாகாமல் தப்புபவை பெருகுகின்றன, வீட்டிலிருக்கும் மற்றவர்களுக்கும் பரவுகின்றன. 2019இல் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களால் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மதிப்பீடு சொல்கிறது. வயலும் புதரும் சார்ந்த நம் வாழ்க்கைக்கு இதில் தனிப் பங்கு உண்டு. எலிக் காய்ச்சலுக்கும், புதரில் இருக்கும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலுக்கும் கைகொடுப்பது டாக்சிசைக்ளின். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், ஸ்க்ரப் டைபஸ் முற்றிய நோயாளிகளுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் ஊசி வழியே சேர்த்துக் கொடுத்தது தனித்தனியே கொடுத்ததைவிட நல்ல பலன் தந்தது. பரு மாத்திரையால் ஸ்க்ரப் டைபஸ் கிருமியே பழகிவிடும் என்று சொல்ல வரவில்லை. அதற்குச் சான்று இல்லை. உயிர் காக்கக் கையிருப்பில் இருக்கும் மருந்து எது, அதை நாம் எதற்குச் செலவழிக்கிறோம் என்று தெரிந்து செலவழிக்க வேண்டும் என்பதே வாதம்.

“ஒரு பிள்ளை சாப்பிடும் மாத்திரையிலா நாடு கெட்டுவிடும்? கோழிப்பண்ணையில் கொட்டுவதைப் பாருங்கள்” என்று கேட்கலாம். பண்ணையைக் கட்டுப்படுத்த வேண்டியது உண்மை. அது நம் சீட்டைப் பார்க்காமல் விடுவதற்குச் சாக்காகாது. தொண்டை வலிக்கு மூன்று, ஐந்து நாள் சாப்பிடும் ஆன்டிபயாடிக்கை முகப்பருவுக்கு நூறு நாள் சாப்பிடுகிறோம். அந்த நூறு நாளின் விளைவு முதலில் அந்தப் பிள்ளையின் தொண்டையில்தான் தெரிய வாய்ப்பு. பிரிட்டனில் முகப்பரு உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று, ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்குச் சளி, தொண்டைத் தொற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் இருந்ததை 2005இல் தெரிவித்தது. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை, யோசிக்க வைக்கிறது. “ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்றுதானே சொல்கிறார்கள்?” என்ற கேள்வியும் நியாயமானதே. காசநோய்க்குச் சொன்ன அறிவுரையைப் பருவுக்கும் அப்படியே பொருத்துவதால் வரும் குழப்பம் இது. அங்கே கிருமியை ஒழித்துத் தீர வேண்டும். இங்கே வீக்கம் தணிந்தால் மாத்திரையின் வேலை முடிந்தது. அதன்பின் பரு திரும்பாமல் காப்பது அடப்பலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற களிம்புகளின் வேலை. இஷ்டத்துக்கு நிறுத்தித் தொடங்குவதுதான் இரண்டு நோயிலும் ஆபத்து.

“தோல் டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூர் போனால் ஒரு நாள் கூலி போகும்” என்பதே கனமான ஆட்சேபம். அதற்காக மருந்துக்கடைக்காரரையே டாக்டராக்கினால் செலவு குறைவதில்லை, பின்னால் தள்ளிப்போகிறது. லேசான பருவுக்குப் பக்கத்து அரசு மருத்துவரே போதும்; தழும்பு விழும் பருவுக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் கோளாறு ஹார்மோனில் இருக்கலாம். அதற்கு எத்தனை அட்டை ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் வீண். டாக்டரைத் தவிர்த்துக் கடையில் கேட்டு வாங்கும் “முகக் கிரீம்” இன்னொரு பொறி. ஸ்டீராய்டு கலந்த கிரீம் முதல் வாரம் முகத்தைப் பளிச்சென்று ஆக்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, பருவே கூடும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை செய்தது இதனால்தான்.

சட்டம் இந்த விஷயத்தில் நோயாளியின் பக்கம் இருக்கிறது. முகப்பருவுக்குத் தரும் ஆன்டிபயாடிக்குகள் 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘எச்’ அட்டவணையில் வருபவை. பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அட்டையின் சிவப்புக் கோடு அதை நினைவூட்டத்தான். 2012இல் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனத்துக்குப் பிறகு, 46 மருந்துகளுக்குத் தனிப் பதிவேடு கேட்கும் ‘எச்1’ அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பட்டியலில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் இல்லை. தனிப் பதிவேடு எழுதும் கட்டாயம் இல்லாத இடத்தில் கவனம் நம்முடையதாகிறது. பலர் அறியாத இரண்டு வரிகள் 65ஆம் விதியில் உண்டு. சீட்டில் மருந்தின் மொத்த அளவும், சாப்பிடும் அளவும் குறிக்கப்பட வேண்டும். திரும்ப வாங்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து தரலாம். மொத்த அளவு தெரிந்தால் முடியும் நாள் தெரிந்துவிடும். மூடும் நாளைக் குறிக்கச் சட்டமே சொல்லியிருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை.

கேடு நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. சீட்டு, ரசீது, தொகுதி எண் தெரியும் அட்டை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். ரசீது கேட்பது உங்கள் உரிமை. மருந்தின் பக்கவிளைவை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம். சீட்டில்லா விற்பனையை மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் புகாராகத் தரலாம். மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும். கட்டணம் வாங்கிய சிகிச்சையில் கவனக்குறைவு இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழிகேட்க 1915 என்ற எண் உண்டு. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தில் வராது. அங்கே உயர் அதிகாரிக்கும் மருத்துவக் கவுன்சிலுக்கும் எழுத வேண்டும்.

இவ்வளவும் கேடு வந்த பிறகு. வருமுன் காக்க ஒரு கேள்வி போதும். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்திருக்கும் முன், “டாக்டர், இதை எந்தத் தேதியில நிறுத்தணும்?” என்று கேளுங்கள். சொல்லும் தேதியைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். தேதி வந்ததும் காலி அட்டையைக் கடைக்கு எடுத்துப் போகாமல், சீட்டை மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.