பெயர் சர்வரை மாற்றும் முறை

இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் என்னும் அமைப்பு. அமெரிக்கரான பால் மோக்கபெட்ரிஸ் 1983-இல் இதை வடிவமைத்தார். டொமைன் எனப்படும் அந்தப் பெயரின் விவரங்களைப் பதிவுகளாக வைத்திருந்து, கேட்கும் கணினிகளுக்கு விடை சொல்வதே பெயர் சர்வர்.

இந்தச் சர்வரை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், அது எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடாது. இணையச் சேவை தருவோரின் கணினிகள், ஒருமுறை பெற்ற விடையைக் குறித்த காலம்வரை சேமித்து வைக்கும். டிடிஎல் எனப்படும் அந்தக் காலம் நொடிகளில் குறிக்கப்படும். 86,400 என்றால் ஒரு நாள். 'காம்' பெயர்களுக்குப் பெயர் சர்வர் எது என்று மேல்நிலைச் சர்வர் தரும் குறிப்போ 1,72,800 நொடிகள், அதாவது இரண்டு நாள் செல்லும்.

எனவே வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும். பழைய பதிவுகள் அனைத்தையும் முதலில் புதிய சர்வரில் ஏற்ற வேண்டும். இணையதள முகவரியைக் காட்டும் 'ஏ' பதிவை எவரும் மறப்பதில்லை. மின்னஞ்சலுக்கான 'எம்எக்ஸ்' பதிவுதான் விடுபடும். தளம் நன்றாக இயங்கும், கடிதம் மட்டும் வராது. புதிய சர்வரிடமே நேரடியாகக் கேட்டு விடைகளை ஒப்பிட்டால் இது பிடிபடும்.

விடை போலியல்ல என்று காட்டும் டிஎன்எஸ்செக் கையொப்பம் இருந்தால், அதன் சாவியைச் சுட்டி மேல்நிலைச் சர்வரில் உள்ள 'டிஎஸ்' பதிவை முன்கூட்டியே நீக்கி, அதன் காலம் முடியும்வரை காத்திருப்பது எளிய வழி. பொருந்தாத பழைய பதிவு நின்றால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் கணினிகள் விடையை ஏற்காது.

அதன்பின் டொமைனைப் பதிவுசெய்த நிறுவனத்தின் பக்கத்தில் புதிய சர்வர்களின் பெயர்களைத் தர வேண்டும். குறைந்தது இரண்டு சர்வர்கள், வெவ்வேறு நெட்வொர்க்குகளில் இருப்பது நல்லது. பழைய சர்வரைச் சில நாள்கள் கழித்தே நிறுத்த வேண்டும்.